முதலை குறித்த இடைக்கால அறிக்கை

ஒரு காட்டில் ஒரே ஓர் ஆறு ஓடியது. அந்த ஆற்றில் ஒரு முதலை இருந்தது. தண்ணீர் குடிக்க இறங்குகிறவர்களில் யாரையாவது அது இழுத்துக்கொண்டு போகும். ஒரு கோடையில், பூவாத்தாள் என்ற புள்ளிமானின் தங்கை சின்னக்கண்ணுவையும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பூவாத்தாள் அழுதுகொண்டே சிங்கராஜாவிடம் போய் முதலையை விரட்டச் சொன்னாள். சிங்கராஜாவுக்கும் முதலை என்றால் பயம்தான். அதை வெளியே சொல்ல முடியுமா? இதெல்லாம் அவசரத்தில் முடிவெடுக்கிற விஷயமில்லை, குன்றின்மேல் இருக்கும் கொள்கை ஆய்வு மையத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த மையத்துக்குத் தலைவர் விசாலாட்சன் என்ற தேவாங்கு. ஒருமுறை சபையில் மிருகங்கள் எல்லாம் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, பேசாமல் இருந்தார். பகல் வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. சிங்கராஜாவோ, இவ்வளவு ஆழமாக யோசிக்கிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று அவரைத் தலைவராக்கிவிட்டார். அன்றிலிருந்து மையத்தைக் கேட்காமல் ராஜா கர்ஜிப்பதுகூட இல்லை. கிழக்கே பார்த்துக் கர்ஜிப்பதே நல்லது என்று மையம் பரிந்துரைத்தபோது, மேற்கே இருந்த முயல்கள் நேரில் வந்து மாலை போட்டன.

பூவாத்தாள் குன்று ஏறினாள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த நரி, தாகம் என்ற உணர்வு அவளுக்கு எந்த வயதில் முதலில் வந்தது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டது. மழைக்காலம் போய், அடுத்த கோடையில் அறிக்கை வந்தது. முதலை பிடித்த எல்லோருமே தண்ணீர் குடிக்கப் போனவர்கள்; குடிக்கப் போகாத ஒருவரைக்கூட அது தொட்டதில்லை; ஆகவே காட்டில் இருப்பது முதலைப் பிரச்சினை அல்ல, தாகப் பிரச்சினை என்று அதில் இருந்தது. சிங்கராஜா அப்படியே ஏற்று, எல்லோரும் தாகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள உத்தரவு போட்டார்.

அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு முதலையையும் அழைத்திருந்தார்கள். இறந்தவர்களை நினைத்து அது மேடையிலேயே கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீரை மாற்று நீராதாரமாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க ஒரு துணைக்குழு போடப்பட்டது.

பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க தண்ணி குடிக்கிறதே இல்லையா?"

விசாலாட்சன் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"குடிக்கிறேனேம்மா. இங்கயே கொண்டுவந்து தர்றாங்க."

மேடைக்குப் பின்னால் சுரைக்குடுக்கைகளில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். குரங்குகள் ஆற்றிலிருந்து கொண்டுவருகின்றனவாம். திரும்பி வராத குரங்குகளுக்குப் பதில் புதுக் குரங்குகளை எடுத்துக்கொள்வார்களாம். பூவாத்தாளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஒரு குடுக்கையைக் குடித்து முடித்தாள். பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் மையத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டாமா என்று கேட்டாள். நியாயம்தான் என்று அவளையே சேர்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில், பூச்சி பிடிக்கப் போன விசாலாட்சன் திரும்பவில்லை. அவர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே மையத்துக்கு ஒரு பருவம் ஆனது. பூவாத்தாள் தலைவியானாள்.

தங்கையை அவள் மறக்கவில்லை. முதல் வேலையாக, முதலையை விரட்ட வேண்டும் என்று ஒரே வரியில் பரிந்துரை எழுதி நரியிடம் கொடுத்தாள். நரி படித்துவிட்டுத் தயங்கியது.

"முதலை போயிட்டா மையம் எதுக்கும்மா? மையத்தை மூடிட்டா நாம எல்லாரும் ஆத்துல இறங்கித்தான் குடிக்கணும்."

"குடிச்சா என்ன?"

"ஆத்துல முதலை இருக்கே."

பூவாத்தாள் வெகுநேரம் யோசித்தாள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நரி சொல்வது சரியாகவே பட்டது. 'விரட்ட வேண்டும்' என்பதை 'விரட்டுவது குறித்து மேலும் ஆராயலாம்' என்று மாற்றினாள். மாற்றும்போது அவளுக்கு அழுகை வந்தது. உண்மையான அழுகைதான்.

அந்த ஆண்டே மையத்தில் ஒரு பெரிய அரங்கம் கட்டி, அதற்குச் சின்னக்கண்ணு நினைவு அரங்கம் என்று பெயர் வைத்தாள். முதலை வந்து, ரிப்பனைப் பல்லாலேயே வெட்டித் திறந்துவைத்தது.

நீதி: தாகம் எடுத்தால் ஆற்றுக்குப் போகாதே; ஆற்றைப் பற்றி ஆராயப் போ.