செத்த வாடை

புங்கமரத்து வேருக்கு அடியில், வெயில் எட்டாத இருட்டில் ஓர் எறும்பு ராஜ்யம் இருந்தது. அரசி என்று ஒருத்தி உண்டு. முட்டை இடுவதோடு அவள் வேலை சரி. ஆட்சியெல்லாம் பெருந்தலை நாச்சியார் கையில். இருட்டில் முகம் தெரியுமா? நெற்றிக் கொம்புகளால் ஒருவரை ஒருவர் தடவி, வாடையை வைத்துத்தான் அங்கே ஆளை அறிவார்கள். நம்ம வாடை என்றால் உறவு. வேற்று வாடை என்றால் கடி. செத்த வாடை என்றால் இடுப்பைக் கவ்வித் தூக்கிப் போய்க் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள்.

அப்படித் தூக்குகிறவர்களில் ஒருத்தி மூக்காயி. அந்த வாடை தொட்டவர்களையெல்லாம் ஒட்டும். அதனால் பிணத்தைப் போட்டதும் மேட்டிலேயே நின்று, முன்காலில் இருக்கும் சீப்பால் கொம்பை வழித்து வாரிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். வாராமல் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. யாரும் வாராமல் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய தங்கை சீனியம்மா கீழ்த்தளத்தில் புழுக்குழந்தைகளுக்கு ஊட்டுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். "கீழ சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்குக்கா. பிள்ளைங்க நனையுதுங்க. இந்தத் தடவை நாங்க யாரும் நாச்சியா தடத்துல நடக்க மாட்டோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தடம் என்றால் ஓட்டு. அந்த ராஜ்யத்தில் தேர்தல் காலால் நடக்கும். எந்தத் தடத்தில் அதிகக் கால்கள் நடந்து வாடை கனத்ததோ அந்தத் தடம் போட்டவருக்கு ஆட்சி; அந்தத் தடம் முடிகிற இடத்தில் தலைநகரம். எறும்புப் புத்திக்கு இதைவிட நேர்மையாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது.

தேர்தல் நெருங்கியபோது நாச்சியார் அவையைக் கூட்டினார்.

"நமது ராஜ்யத்தில் செத்தவர்கள் நடமாடுகிறார்கள் என்று நமக்குத் தகவல். செத்தவர்கள் தடத்தில் நடந்தால் உயிரோடிருப்பவர்களின் மாண்பு என்னாவது? ஆகவே ஒவ்வொரு குடியையும் வாசலில் நாமே நேரில் தடவிப் பார்த்து உயிர்மணம் வழங்குவோம். முன்னதாக, செத்த வாடை எப்படி இருக்கும் என்பதில் பிழை நேராதிருக்கக் குப்பைமேட்டுப் பிணங்களையும் நாமே தடவி அறிந்தோம்."

"ஆகா!" என்றது அவை. கொம்பை வாரினீர்களா அம்மா என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. பதவியில் இருப்பவரின் கொம்பில் அழுக்கு இருக்கும் என்று நினைப்பதே குற்றம் அல்லவா?

முதலில் கீழ்த்தளத்தாரை வரிசையில் நிறுத்தினார்கள். நாச்சியார் நெற்றியிலிருந்து இடுப்பு வரை பாசத்தோடு தடவிவிட்டு, "போகலாம்" என்பார். நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த வாசல் காவல், "இது செத்திருக்கு!" என்று கத்தும். சீனியம்மாவும் செத்துப்போனாள்.

அவளைத் தூக்க வந்தவள் மூக்காயி. தங்கை என்று தெரிந்தது. குரல் தெரிந்தது. ஆனால் அந்த வாடை ஏறியதும் தாடை தானாகத் திறந்தது. எறும்புப் பிறவிக்கு அது தும்மல் மாதிரி, அடக்க முடியாது.

"அக்கா, நான்தான்க்கா! உசுரோடதான இருக்கேன். காலை ஆட்டுறேன் பாரு!"

"பேசாம வாடி. மேட்டுல விடுறேன். நல்லா வாரிக்கிட்டுத் திரும்பி வந்துரு."

குப்பைமேட்டின் அந்தப்பக்கச் சரிவில் வெறும் மணல். மணலில் எறும்பு தின்னும் குழியானைப் பூச்சிகள் புனல்போலக் குழி பறித்து, அடியில் வாயைத் திறந்து படுத்திருந்தன. விளிம்பில் கால் வைத்தால் மணலே இழுத்துக்கொண்டு போகும். "அந்தப் பக்கம் மட்டும் போயிராத" என்று சொல்லிவிட்டு மூக்காயி கொம்பை வாரிக்கொண்டு திரும்பினாள்.

சீனியம்மா சொன்னபடி வாரிக்கொண்டு வந்தாள். வாசலில் நாச்சியார் மறுபடி தடவினார். மறுபடி செத்தாள்.

"இரண்டாம் முறை சாகிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள்" என்று ஆணை பிறந்தது. "செத்தவர் கொம்பை வாருவது ஆள்மாறாட்டம். இனி எவரும் எங்கும் வாரலாகாது. முறையீடு உள்ளோர் அவைக்கு நேரில் வரலாம். செத்தவர்களுக்கு அவைக்குள் அனுமதி இல்லை."

மூக்காயி கேட்டாள்: "அம்மா, நாங்க வாராட்டி எங்க மேலயும் அந்த வாடை ஒட்டுமே?"

நாச்சியார் கனிவோடு சிரித்தார். "தூக்குவோர் பணியில் இருக்கும் வரை உயிரோடு இருப்பதாகக் கருதப்படுவர்."

சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கொம்பு மேலே பட்டபோதுதான் மூக்காயிக்கு உறைத்தது. ஐயோ, வாடை இந்தக் கொம்பு நுனியிலிருந்தல்லவா வருகிறது! தாடை திறக்கும் அளவுக்கு இல்லை, ஆனாலும் அதே வாடை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறதே! சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் பணி போகும்; பணி போனால் அவளும் செத்தவள்; அப்புறம் மேட்டில் கிடப்பவளுக்கு இரை கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? அடுத்த ஆளைத் தூக்கப் போனாள்.

கீழ்த்தளம் காலியாயிற்று. பிறகு நடுத்தளம். பிறகு நாச்சியாரைப் புகழ்ந்தவர்களே, ஆசி வாங்கத் தலையை நீட்டிச் செத்தார்கள். மேட்டில் இடம் போதாமல் நெருக்கியதில் ஓரத்தில் நின்றவர்கள் குழிப்பக்கம் சரிந்தார்கள். மூக்காயி ஒவ்வொரு தடவையும் போனதும் முதலில் தங்கையைக் கூப்பிடுவாள். பதில் வந்த பிறகுதான் சுமையை இறக்குவாள்.

"இருக்கேன்க்கா. ஆனா காலுக்குக் கீழ மண்ணு நகருது."

தேர்தல் நாள் வந்தது. நாச்சியார் போட்ட தடத்தில் நடக்க ஆள் இல்லை. எதிர்த்தடம் போடவும் ஆள் இல்லை. அவையில் மிஞ்சியிருந்த கிழட்டுக் காவலர்கள் தரையைத் தடவிக்கொண்டே போய், ராஜ்யத்திலேயே கனத்த தடம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தூக்குவோர் ஓயாமல் போய்வந்த தடம். அது குப்பைமேட்டுக்குப் போயிற்று.

"நம் ஆணையால் நடந்த கால்கள். ஆகவே நம் தடம்" என்றார் நாச்சியார். "வரலாறு காணாத வெற்றி. தலைநகரம் மேட்டுக்கு மாறுகிறது. அரசி பின்னால் வருவார்."

வெற்றி ஊர்வலம் மேட்டில் ஏறியது. அங்கே செத்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். நாச்சியார் முகம் சுளித்தார்.

"தலைநகரில் பிணங்களா? குழிப்பக்கம் அகற்றுங்கள். மூக்காயி, அந்த வாயாடியிலிருந்து தொடங்கு."

சீனியம்மா ஒன்றும் கெஞ்சவில்லை. "கவ்வுறதுன்னா சீக்கிரம் கவ்வுக்கா" என்றாள். 

மூக்காயி தாடையைத் திறந்தாள். அங்கே எத்தனையோ பேர் மேல் வாடை இருந்தது. ஆனால் எல்லாரையும் தடவித் தடவியே தலை முதல் இடுப்பு வரை ஊறி, மூச்சுக்கு மூச்சு அடித்த வாடை ஒன்றுதான். உடம்பு எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போனாள். நாச்சியாரின் இடுப்பைக் கவ்வித் தூக்கினாள்.

"என்ன துணிச்சல்! நாம் உயிரோடு இருக்கிறோம்! பேசுகிறோமே, கேட்கவில்லையா?"

"எல்லாருந்தாம்மா பேசுனாங்க" என்றாள் மூக்காயி, கவ்விய வாயோடு.

மற்றத் தூக்குவோரும் வந்து ஆளுக்கொரு கால் பிடித்தார்கள். சரிவின் விளிம்பில்தான் வைத்தார்கள். மீதியை மணல் பார்த்துக்கொண்டது.

மேடு அதிர்ந்தது. அழுதார்கள், சிரித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள். யாரோ ஒருத்தி, "இனிமே வாசல்ல யாரு ஒக்காருறது?" என்றாள். "மூக்காயி! வாடை தெரிஞ்சவ அவதான்!" என்று மேடு முழுக்கக் கத்தியது. அத்தனை பேர் தன் பேரைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. நெஞ்சு நிறைந்துபோய், முதலில் தங்கையைத் தடவக் கொம்பை நீட்டினாள்.

சீனியம்மா ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"அக்கா, கொம்ப வாரிட்டு வா."

"வாரிக்கலாம்டி" என்றாள் மூக்காயி. "மொதல்ல பதவிய ஏத்துக்கிறேன். சனம் காத்திருக்குல்ல?"

அவள் முன்னால் வரிசை கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.