வேர் காட்டும் சனிக்கிழமை

வருகிற திங்கட்கிழமை முதல் அடுப்பங்கரை தன்னுடைய நேரடிக் கண்காணிப்பில் இயங்கும் என்று எடை ஆய்வாளர் அறிவித்தபோது, அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின் வேலை என்றுதான் அவர் நினைத்தார்.

"அப்ப தோட்டம்?" என்றாள்.

"இந்தச் சனிக்கிழமையோட சரி. குளிர் வந்தாச்சு. இனிமே வெளியில எனக்கு என்ன வேலை? உள்ளதான் தலைக்கு மேல வேலை கிடக்கு. எண்ணெய்க்கு அளவு இல்ல, உப்புக்குக் கணக்கு இல்ல. கேக்க ஆள் இல்லாத வீடு மாதிரி நடக்குது."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

எடை ஆய்வாளர் என்றால் முன்னாள் ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்து, எடை குறைந்தால் அதைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு வருவது அவருடைய உத்தியோகமாக இருந்தது. தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் போதும், கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அதே தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்து பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மீன் கடைக்காரர் மட்டும், வேண்டியதைச் சீக்கிரம் சொல்லுங்கள், பின்னால் ஆள் நிற்கிறது என்றார். வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

சுவரைப் பார்த்துப் படுத்த மனிதர் எழுந்து நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்ததுதான் அவள் தலைவிதி. டப்பாக்களை எடை வரிசையில் அடுக்கினார். அரிசி அளக்கிற கிண்ணம் பொய் அளவு காட்டுகிறது என்று அதைப் பறிமுதல் செய்தார். குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று, போட்டது எத்தனை கிராம் என்று கேட்டார். அவள் வெயில் காலம் தொடங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்த மண்ணைக் காட்டி, நாலு காய்கறி போட்டால் உடம்புக்கும் நல்லது என்று ஆளை வெளியே கிளப்பிவிட்டாள். வீடு மறுபடியும் அவளுடையதாயிற்று.

அந்த ஊரில் வீட்டுத் தோட்டக்காரர்கள் சனிக்கிழமை காலையில் நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவி மருந்துக்கடை அம்மா. கணவர் போன பிறகு கடையையும் தோட்டத்தையும் ஒண்டியாக நடத்துகிறவள். பஸ் ஓட்டுநர் வருவார், பல் டாக்டர் வருவார், இன்னும் சிலர் வருவார்கள். இலையுதிர் காலம் வந்துவிட்டால் பேச்சு களைகட்டும். பூண்டுப் பல்லைக் கூர்முனை மேலே பார்க்க ஊன்ற வேண்டும் என்பார் ஒருவர். உதிர்ந்த இலையை எரிக்காதீர்கள், பாத்திக்குப் போர்வையாகப் போடுங்கள் என்பார் இன்னொருவர். சாயங்காலம் தண்ணீர் விட்டால் நத்தைக்கு விருந்து வைப்பதாகும் என்று பஸ் ஓட்டுநர் எச்சரிப்பார். போன வருஷம் தன் கீரை முழுக்க நத்தைக்குப் போனதை, வீட்டில் துக்கம் விழுந்தது போலச் சொல்வார்.

எடை ஆய்வாளர் அங்கே போய் உட்கார்ந்த முதல் வாரமே ஒரு சட்டம் கொண்டுவந்தார். வாய்ப் பேச்சை நம்புவதற்கில்லை. ஆகவே வாரம் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வந்தவர்கள் கைகாட்டும் ஒரு செடியை வீட்டுக்காரர் முன்னிலையில் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். அதற்கு 'வேர் காட்டுதல்' என்று பெயரும் அவரே வைத்தார். பஸ் ஓட்டுநர் வீட்டில் கொட்டுகிற மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நின்று ஒரு முள்ளங்கியைப் பிடுங்கவைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். மறுபடியும் ஆட்கள் தன்னைக் கண்டு கொஞ்சம் நடுங்கியது அவருக்கு இதமாக இருந்தது.

ஆனால் அவருடைய தோட்டத்தில் ஒன்றும் வரவில்லை. வருமா? விதை போட்ட மூன்றாம் நாளே, முளைத்திருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூடுவார். மறுநாளும் ஆய்வு உண்டு. பட்டாணி இரண்டு ஆய்வு தாங்கியது. முட்டைக்கோசு நாற்றுகள் கொஞ்சம் கெட்டி. ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டுத் தலை சாய்ந்தன. இலைகள் உதிர்ந்து வானம் சாம்பல் நிறமான போது, பாத்தியில் மிச்சமிருந்தது ஈரமும் நத்தைகளும்தான். சன்னல் வழியாக அந்த வெறும் மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மீன் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

இந்த லட்சணத்தில், வருகிற சனிக்கிழமை அவர் வீட்டு முறை.

யோசித்தார். ஒரே ஒரு நாள் பச்சையாக ஒரு பாத்தி காட்டிவிட்டால் போதும். பெயரோடு தோட்டத்தை மூடிவிட்டு, குளிருக்கு இதமாக அடுப்பங்கரைக்குக் குடியேறிவிடலாம். வெள்ளிக்கிழமை மனைவியைக் கூப்பிட்டு, உன் அக்காவைப் பார்த்து நாளாயிற்றே, ஞாயிறு வரை இருந்துவிட்டு வா என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சந்தைக்குப் போய் ஐந்து முட்டைக்கோசு வாங்கி வந்தார். நல்ல உருண்டை, வெளி இலை உதிராதது. வெட்டிய தண்டு மண்ணில் நிற்கவில்லை. வைத்த இடத்தில் உருண்டது. வீடெல்லாம் தேடி, கடைசியில் மனைவியின் மரக்கரண்டிகளை எடுத்தார். காம்பைத் தண்டுக்குள் குத்தி, அகப்பைப் பக்கத்தை மண்ணுக்குள் இறக்கினார். அசையாமல் நின்றது. தூறலில் நனைந்த ஐந்து கோசும் பரம்பரையாக அங்கேயே வாழ்கிறவை போல உட்கார்ந்திருந்தன. வேர் காட்டச் சொல்வார்களே என்ற பயம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் சட்டம் போட்டவரையே சோதிக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். குளித்துவிட்டு, உத்தியோக காலத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆட்களை அழைத்து வர நூலகத்துக்குப் போனார்.

அங்கே மருந்துக்கடை அம்மா மட்டும் இல்லை. நேரே வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாளாம்.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், உள்ளே தேநீர் கொதிக்கிற வாசனை. மனைவி தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடை அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பெல்லாம் சேறு. எடை ஆய்வாளர் மனைவியிடம் திரும்பினார்.

"நீ எங்க இங்க? அக்கா வீட்டுல இல்லையா?"

"கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டேன். எடுக்க வந்தேன். வந்த இடத்துல விருந்தாளிங்க வர்றாங்கன்னு தெரிஞ்சுது." அவள் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "நீங்க போய்த் தோட்டத்தக் காட்டுங்க. நான் தேநீர் எடுத்துட்டு வர்றேன்."

கொல்லைக்குப் போனார்கள். பல் டாக்டர் கோசுகளைக் குனிந்து பார்த்து, ஒரு நத்தை கடிகூட இல்லையே என்று பெருமூச்சு விட்டார். பஸ் ஓட்டுநருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆய்வாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாம் கண்காணிப்புதான் என்றார். அந்த இரண்டு நிமிஷம் அவர் மறுபடியும் உத்தியோகத்தில் இருந்தார்.

"நடுவுல இருக்கிற கோச எடுக்கலாமா சார்?" என்றாள் மருந்துக்கடை அம்மா.

"எடுக்கிறதா? எதுக்கும்மா?"

"வேர் பாக்கத்தான்."

ஈரத்தில் பிடுங்கினால் பக்கத்துச் செடிக்கு ஆகாது என்றார் ஆய்வாளர். காய் இன்னும் முற்ற வேண்டும் என்றார். தூறல் வலுக்கிறது, உள்ளே போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"என் வீட்டுல இதவிடப் பெரிய மழை சார்" என்றார் பஸ் ஓட்டுநர். "நீங்க விடலையே."

மருந்துக்கடை அம்மா அதற்குள் குனிந்துவிட்டாள். ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். மரக்கரண்டியோடு அது வெளியே வரப்போகிறது. ஊர் சிரிக்கும். கள்ளத் தராசைப் பிடித்தவனே கள்ளக் கோசு நட்டான் என்று தெருத் தெருவாகப் போகும். இனிமேல் மீன் கடைக்காரர் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டார்.

"அடேயப்பா" என்றார் பல் டாக்டர்.

கண்ணைத் திறந்தார். அம்மாவின் கையில் கோசு தொங்கியது. அதன் அடியில் தண்டு, தண்டின் அடியில் கொத்துக் கொத்தாக வேர், வேர் நிறைய மண். கரண்டியைக் காணவில்லை.

ஆய்வாளர் பேந்தப் பேந்த விழித்தார். காலையில் ஊன்றியது, மதியத்துக்குள் வேர் விட்டுவிட்டதா? முடியாத காரியம் என்று அறிவு சொன்னது. ஆனால் எத்தனையோ மாதமாக ஒரு நல்லது காணாத மனசு, ஏன் முடியாது என்று கேட்டது. மனசு ஜெயித்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தார். செடிக்கு அடியில் கொஞ்சம் மரத்துண்டு புதைத்தால் வேர் பிடிக்கும் வேகமே தனி என்றார். பல் டாக்டர் அதை மறக்காமல் போனில் குறித்துக்கொண்டார்.

"இந்தக் கைக்குத்தான் இவ்வளவு நாளா காத்திருந்தோம்" என்றாள் மருந்துக்கடை அம்மா. நூலகத்துக்குப் பின்னால் கூட்டத்துக்குச் சொந்தமாக ஒரு பொதுத்தோட்டம் உண்டு. பார்த்துக்கொண்டவர் முழங்கால் வலி என்று விலகிவிட்டார். குளிர் காலத்தில் அந்தச் சேற்றில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. காலையில் திறந்து இருட்டும் வரை இருக்க வேண்டும். ஓட்டுக் கொட்டகை ஒன்று இருக்கிறது, ஒழுகும். அதற்கு இனி ஐயாதான் பொறுப்பாளர், சம்மதமா என்று கேட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். பொறுப்பாளர் என்ற சொல் காதில் விழுந்தபோது ஆய்வாளர் மற்றதைச் சரியாகக் கேட்கவில்லை. அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு, ஆசையாகப் பக்கத்துக் கோசைப் பிடித்து இழுத்தார். மரக்கரண்டியோடு வந்தது. அடுத்ததும் கரண்டிதான். மிச்சமிருந்த எல்லாமே கரண்டிதான். மனைவி படியில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"குடுங்க. கழுவணும்."

"அந்த நடுக் கோசு?"

"மருந்துக்கடை அக்கா தோட்டத்துது. காலையில ரெண்டு பேரும் வேரோட பேத்துட்டு வந்து நட்டோம். கண்ணாடி எடுக்க வந்தப்ப தேநீர் கலக்கக் கரண்டி தேடினேன், காணோம். சன்னல் வழியாப் பாத்ததும் அவங்களுக்குப் போன் பண்ணினேன்."

எடை ஆய்வாளர் மெல்லக் கணக்குப் போட்டார். ஒரு கோசைத்தான் மாற்றியிருக்கிறார்கள். அந்த ஒன்றைத்தான் அந்த அம்மா கைகாட்டினாள். சாவியும் தயாராகப் பையில் இருந்தது.

"இது மோசடி" என்றார். "நான் போக மாட்டேன். நடந்த உண்மைய எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க. எங்கேருந்து ஆரம்பிப்பீங்க? சந்தையிலேருந்தா?"

அவள் கரண்டிகளை ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"உங்களுக்கு எழுந்து நிக்க நாலு பேர் வேணும். எனக்குப் பக்கத்துல நின்னு பாக்காத ஒரு அடுப்பு வேணும். அவ்வளவுதான்" என்றாள். கரண்டிகளோடு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை வானம் வெளுக்கவே இல்லை. பொறுப்பாளர் கோட்டுப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கிளம்பினார். எப்படியும் மழை வலுக்கும், பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம், சாயங்காலமாவது அடுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். மனைவி வாசலில் குடையையும் ஒரு துணிப்பையையும் கொடுத்தாள். உள்ளே இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள்.

"எதுக்கு ரெண்டு?" என்றார்.

"இன்னொண்ணு ராத்திரிக்கு."