கார்த்தி சார் ஏறிய வேன்

ரத்தக் கொதிப்பு வந்தவர்கள் உப்பைக் குறைப்பார்கள், காலையில் நடக்கப் போவார்கள், எதற்கெடுத்தாலும் மாமியாரைக் குறை சொல்வார்கள். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைச் சந்தோஷமாக வைத்திருப்பதுதான் தன் கொதிப்புக்கு மருந்து என்று முடிவு கட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் பிரஷர் அங்கிள்.

கிள்ளானில் எங்கள் பள்ளி வேனை ஓட்டியவர் அவர். சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய பிரஷர் மிஷின் ஒன்று டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். ஜாலான் காப்பார் சாலையில் ஜாம் பிடித்துக்கொண்டால் பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கிவிடுவார். பக்கத்து லோரிக்காரன் ஹாரன் அடித்தால், “பாத்தியா, அவன் அடிச்ச ஹாரன் என் நம்பர்ல ஏறிடுச்சு” என்பார்.

இதெல்லாம் ஒரு கிளினிக்கில் ஆரம்பித்தது. டாக்டர் ஆங்கிலமும் தமிழும் கலந்து ஏதோ விளக்கியிருக்கிறார். அங்கிள் மறுநாள் வேனில் அதை எங்களுக்கு ஒலிபரப்பினார்.

“மனசுல டென்ஷன் வந்தா கார்த்தி சார் வந்துடுறாராம். வந்து ரத்தக் குழாயப் புடிச்சு நசுக்குறாராம். அதான் பிரஷராம்.”

“அங்கிள், அது கார்ட்டிசோல். ஹார்மோன்,” என்றேன். படிவம் நான்கில் அறிவியல் பிரிவு எடுத்த திமிர் எனக்கு.

“அதத்தான் நானும் சொல்றேன். கார்த்தி சார்.”

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயமும் அவரைப் பிடித்து ஆட்டியது. சின்ன வயதில் மனது கெட்டால் அது குழாயில் தங்கி, பிற்காலத்தில் தலைகாட்டலாமாம். “பதினாலு வயசுல எங்கப்பன் பெல்ட்டால அடிச்சான். அது இப்ப என் குழாயில நிக்குது, பாரேன்,” என்று முழங்கையைத் தடவிக்காட்டினார். எல்லாரும் சிரித்தோம். அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து வேனில் புதுச் சட்டம். எங்களில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் அது ஏர்கான் வழியாகப் பரவித் தன் குழாயைப் பிடிக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே முகம் வாடியவர் முன் சீட்டில் உட்கார வேண்டும். பள்ளி கேட் வரும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம், மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. அங்கிளும் புத்தி சொல்ல மாட்டார், சொன்னால் அவருக்குப் பிரஷர் ஏறும். பின் சீட்டில் பையன்கள் அடித்துக்கொண்டால் வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஒரு மரத்தடியில் போய் நிற்பார். “முடிச்சுட்டுக் கூப்பிடுங்கலா. என் குழாய் இதெல்லாம் கேக்கக்கூடாது.” நாங்கள் தாமதமாக வந்ததற்கு இதைக் காரணமாகச் சொன்னால் எந்த ஆசிரியரும் நம்பியதில்லை.

‘கார்த்தி சார்’ எங்கள் எல்லாருடைய வாயிலும் ஒட்டிக்கொண்டார். கணக்குத் தாள் திரும்பி வந்தால் கார்த்தி சார். வீட்டில் சண்டை என்றால் கார்த்தி சார்.

அந்த வருஷம் முன் சீட்டில் நிரந்தரமாகக் குடியேறியவள் தர்ஷினி. படிவம் ஐந்து, பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதப் போகிறவள். நன்றாகப் படிப்பாள், அதுதான் வினை. அவள் டாக்டராவாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. பரீட்சை நெருங்க நெருங்கச் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. தலைவலி என்றாள், தூக்கமே வரவில்லை என்றாள். கடைசியில் பரீட்சைக்கே வரப்போவதில்லை என்று என்னிடம் சொன்னபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஒரு நாள் மாலை போனில் என்னிடம் அழுதாள். “கார்த்தி சார் தொல்லை தாங்க முடியலடி. ஸ்கூல்னாலே பயமா இருக்கு.”

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் அவளுடைய அப்பா, இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டுவிட்டார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே கொதித்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டு முனையில் தர்ஷினி வேனில் ஏறி உட்கார்ந்தாள். அடுத்த நொடி குறுக்கே ஒரு லோரி வந்து நின்றது.

“எவன்டா அந்தக் கார்த்தி? எறங்கி வரச் சொல்லு!”

எங்கள் வேனில் கார்த்திகேயன் என்று படிவம் ஒன்று மாணவன் ஒருவன் இருந்தான். சீட்டுக்கு அடியில் போனவன் பள்ளி வரும்வரை வெளியே வரவில்லை.

அங்கிள் மிஷினை எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். “அண்ணே, கார்த்தி சார் ஆளு இல்ல. ஹார்மோன்.”

“ஹார்மோனா? எந்த ஸ்கூல் வாத்தி?”

“எல்லா ஸ்கூல்லயும் இருக்காரு. இப்ப உங்க உடம்புலயும் இருக்காரு. கைய நீட்டுங்க.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் கையை நீட்டிவிட்டார். பட்டை உப்பியது. அவர் வாயைத் திறந்தார்.

“பேசக்கூடாதுண்ணே. மிஷின் ஓடும்போது பேசுனா நம்பர் தப்பாயிடும். கேக்கலாம்.” பிறகு வேன் பக்கம் திரும்பினார். “தர்ஷினி, உனக்கு ஏதாச்சும் சொல்லணுமாம்மா?”

தர்ஷினி முன் சீட்டில் இருந்தபடியே சொன்னாள். “அப்பா, என்னால முடியலப்பா. மார்க் வரலன்னா நீங்க எல்லார்கிட்டயும் என்ன சொல்வீங்கன்னு நெனைச்சாலே மூச்சு முட்டுது.”

மிஷின் நின்றது. அப்பா பேச வாயெடுத்தார். அங்கிள் நம்பரைப் பார்க்காமலே மறுபடியும் பொத்தானை அமுக்கினார். “சரியா விழலண்ணே. இன்னொரு தடவ.”

அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். லோரிக்குப் பின்னால் கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன, அங்கிள் தன் குழாயைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கடைசியில் பட்டையைக் கழற்றியபோது அந்த அப்பாவின் கண் கலங்கியிருந்தது. “எனக்கு மார்க் வேணாம்மா, நீ சாப்பிட்டா போதும்,” என்றார். அன்றைக்கே மகளும் அப்பாவும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போனார்கள். பிரஷர் மாத்திரை அப்பாவுக்குக் கிடைத்தது.

தர்ஷினி பரீட்சை எழுதினாள். டாக்டராகவில்லை, ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் வேலை, நன்றாகத் தூங்குகிறாளாம்.

எனக்கு இப்போது பிரிக்பீல்ட்ஸில் வேலை. போன வாரம் ஆபீசில் ஒரு மோசமான நாள். ரயிலுக்கு நடந்துகொண்டே அங்கிளுக்குப் போன் போட்டேன். ஹலோ சொல்வதற்குள் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கார்த்தி சாரா?”

“ஆமா அங்கிள்.”

“சொல்லும்மா. நான் மிஷின் மாட்டிக்கிட்டேன்.”

கிள்ளான் ஸ்டேஷன் வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அவ்வப்போது ஒரு ‘ம்’ மட்டும் வந்தது, பட்டை உப்பும் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.