பதினோராவது ஆள்

"நீங்களே எண்ணிப் பாருங்கக்கா. நான் நாலு தடவை எண்ணிட்டேன், பதினொண்ணு வருது" என்றார் ஸ்லைடுக்காரர்.

புகார்ப் பிரிவில் எந்தக் கூட்டமானாலும் ஸ்லைடு தயாரிக்கும் வேலை அவர் தலையில்தான் விழும். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று மூன்று மணிக்குத் தலைமையகத்து மேடம் வருகிறார். பதினான்கு ஸ்லைடுக்கும் பிரிவின் குழுப்படத்தைப் பின்னணியாகப் போடும்படி மேலாளர் உத்தரவு. முதல் ஸ்லைடில் கொட்டை எழுத்தில் 'பத்தே பேர், பத்தாயிரம் புகார்கள்' என்றிருந்தது. பத்துக்கு மேல் ஓர் ஆள் இருப்பதாகத் தெரிந்தால், கடைசியாகச் சேர்ந்தவருக்கு மாற்றல். கடைசியாகச் சேர்ந்தவர் ஸ்லைடுக்காரர்.

பக்கத்து மேசை அக்கா விரல் வைத்து எண்ணினார். விரல் வலது ஓரத்தில் நின்றது.

"யாருப்பா இந்தக் கறுப்பு உடுப்பு?"

"அதைத்தானே நான் உங்களைக் கேக்கறேன்!"

"சிரிக்கவும் இல்ல. நம்மளையே பாக்கறா." அக்காவின் குரல் தணிந்தது. "இந்தக் கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு தெரியுமா?"

"என்ன இருந்துச்சு?"

"எனக்கும் தெரியாது. அதான் பயமா இருக்கு."

எட்டு மாதத்துக்கு முன் படமெடுத்தபோது வரிசையை நிறுத்தியவரே ஸ்லைடுக்காரர்தான். இப்படி ஒரு முகத்தைப் பார்த்த நினைவு அவருக்குத் துளியும் இல்லை.

அவள்மேல் புகார் வகைகளின் பட்டியலை இழுத்து வைத்தார். மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவிலிருந்து இரண்டு கண்கள் பார்த்தன.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசைமேல் பாதி குடித்து வைத்திருந்த டீக் கோப்பையைக் காணோம். கோப்பை பதித்திருந்த வட்டக் கறையும் காணோம். கூடையில் கிழித்துப் போட்ட தாள்களும் இல்லை. எலுமிச்சை வாசனை மட்டும் காற்றில் நின்றது.

"அக்கா, யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலையே."

ஸ்லைடுக்காரர் மறுபடி திரைக்குத் திரும்பினார். படத்தையே ஓரமாகத் தள்ளி அவளை ஸ்லைடுக்கு வெளியே அனுப்பப் பார்த்தார். நகர்த்தும் அளவைத் தட்டும்போது பதற்றத்தில் கழித்தல் குறி விட்டுப்போனது. அவள் நடுவுக்கு வந்து நின்றாள்.

"கிட்ட வந்துட்டாப்பா!" என்று அக்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மங்கலாக்கிடறேன், இருங்க." படத்தின் ஒளிபுகும் அளவை எண்பது சதவீதத்துக்கு ஏற்றினார். வெள்ளைச் சட்டை போட்ட பத்துப் பேரும் வெள்ளைத் திரையில் கரைந்து போனார்கள். கறுப்பு உடுப்பு மட்டும் தனியாக நின்றது. அவசரத்தில் விரல் 'எல்லா ஸ்லைடுக்கும்' என்ற பொத்தானில் போய் விழுந்தது.

பின்னணியே வேண்டாம் என்று நீக்கப் போனபோது, "மேடம் வந்தாச்சு!" என்று மேலாளர் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

கூட்ட அறையில் விளக்குகள் அணைந்தன. சுவரில் ஆளுயரத்துக்கு அவள் எழுந்தாள். அடுத்த ஸ்லைடிலும் அவள். அதற்கடுத்ததிலும் அவள்.

"பத்துப் பேர்னு போட்டிருக்கீங்க, ஒருத்தர்தானே நிக்கறாங்க? யார் இவங்க?" என்றார் மேடம்.

மேலாளர் திரும்பி ஸ்லைடுக்காரரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"தெரியலைங்க மேடம்" என்றார் ஸ்லைடுக்காரர். "எட்டு மாசமா படத்துக்குள்ளதான் இருந்தாங்க. இன்னிக்குத்தான்... வெளியவும் வர ஆரம்பிச்சிருக்காங்க."

காதோரத்தில் எலுமிச்சை வாசனை வந்தது. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு அவர் முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தது. அலறப் போனவர் நிமிர்ந்தார். தினமும் துடைப்பமும் வாளியுமாகப் போய்வரும் நீலக் கோட்டு, அதன்மேல் ஒரு முகமூடி. முகமூடி மெல்லக் கீழே இறங்கியது.

"அது நான்தான் மேடம். ஓரம் காலியா இருக்கு, கோட்டு, மாஸ்க் எல்லாம் கழட்டிட்டு வந்து நில்லுங்கம்மான்னு கூப்பிட்டதே இந்த சார்தான்."