மாடி வீடும் கிளாரன்ஸின் மரணமும்

வாசிப்புக் குழுக்களில் இலக்கிய ஆர்வத்தால் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சேர்ந்தது ஒரு மாடி வீட்டுக்காக.

பெங்களூரில், பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மகளுக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் அங்கே வீடு அமையாவிட்டால், ஐந்து வயதுக் குழந்தை தினமும் ஓசூர் ரோட்டு நெரிசலில்தான் தூங்கி எழ வேண்டும். ஆகவே நானும் கணவரும் ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் டு-லெட் பலகைகளைப் படித்துக்கொண்டு அலைந்தோம். (அந்த நாட்களில் நான் படித்த இலக்கியம் அது ஒன்றுதான்.)

அப்படிக் கண்ணில் பட்டதுதான் 'சி. டி. ராஜமணி' என்று பெயர்ப்பலகை மாட்டிய வீடு. கீழே வீட்டுக்காரர்கள், பாபு அங்கிளும் ஃபுளோரா ஆன்ட்டியும். மாடி காலி. வெளிச்சமான மூன்று அறைகள், பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். ஆன்ட்டி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. மற்ற வீட்டுக்காரர்கள் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை.

"நாவல் படிப்பியாம்மா?"

"உயிர், ஆன்ட்டி," என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வா. சர்ச் முடிஞ்சதும் நம்ம ஹால்ல உக்காந்து படிக்கிறோம்."

படித்தது விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்று. அந்தக் காலத்தில் மாதப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதே மாதிரி பகுதி பகுதியாகத்தான் படிக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு பகுதி, யாரும் முந்திக்கொண்டு போகக் கூடாது என்பது ஆன்ட்டியின் சட்டம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லோரும் தமிழர்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தமிழில் சண்டை போடுவார்கள், நடுநடுவே கன்னடம் வந்து விழும். பாபு அங்கிள் நாவல் பக்கமே வர மாட்டார். மட்டன் கட்லெட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்காச்சும் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். பதிலுக்கு நின்றதில்லை.

நான் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். எங்கள் மேசையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது: இன்ஷியலோடு ஒரு பெயர் வந்தால், அது எதன் சுருக்கம் என்று கேட்டுவிடு. நானே பலருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அந்த வீட்டுக் கேட்டை எத்தனையோ முறை திறந்து மூடியும், 'சி' என்றால் என்னவென்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவர் பாபு அங்கிள். தெருவில் மற்ற எல்லோருக்கும் அவர் யார் என்று பின்னால் தெரிந்தது.

நாவலில் கிளாரன்ஸ் என்று ஒரு கிழவர். தனியாள். ஊரில் யார் பசி என்று வந்தாலும் சோறு போடுவார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. ஒரு ஞாயிறு, அந்த வாரப் பகுதியின் கடைசிப் பக்கத்தில், அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அங்கிள் இருந்த உள்ளறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல இப்படி ஒரு ஆளு போயிருந்தா தெரு முழுக்க ஃபிளெக்ஸ் கட்டியிருப்பாங்க," என்றார் முரளி. தர்மபுரிக்காரர், வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை.

"நம்மளும் கட்டலாமே," என்று யாரோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பத்திரிகைக்காரி இல்லையா.

எனக்கு இதில் வேறு கணக்கு இருந்தது. அன்று கிளம்பும்போது அங்கிள் சொல்லியிருந்தார்: "மாடிக்கு இன்னொரு பார்ட்டியும் கேக்கறாங்கம்மா. அடுத்த ஞாயிறு முடிவு சொல்லிடறேன்." அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டில் என் ஃபிளெக்ஸ் தொங்கும். ஆன்ட்டி சிரிப்பார், நெகிழ்வார், இந்தப் பெண்ணை விடக் கூடாது என்று நினைப்பார். (அந்த வயதில் என் திட்டங்கள் எல்லாவற்றிலும் எதிராளி என்ன நினைப்பார் என்பதையும் நானே எழுதிவிடுவேன்.)

பொம்மனஹள்ளியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்த கார்த்தி, கணினியில் மெழுகுவத்திப் படம் ஒன்றைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"போட்டோ இருக்கா மேடம்?"

"இல்ல. அவர் செத்து நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

கார்த்தி திரும்பிப் பார்த்தார். "அப்ப இவ்ளோ நாள் ஏன் அடிக்கல?"

"எங்களுக்கே போன வாரம்தான் தெரியும்."

"சொந்தமா மேடம்?"

"பழக்கம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. படத்துக்குப் பதில் சிலுவையும் ரோஜாவும் வைத்தார். வாசகம் நான் எழுதியது, பத்திரிகை முறைப்படி வயதை அடைப்புக்குறிக்குள் போட்டு: 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் அன்புக்குரிய திரு. கிளாரன்ஸ் (74) அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிரிவால் வாடும் வாசகர்கள்.' திரையில் இரண்டு முறை திருத்தம் பார்த்தேன். ஒரு ஒற்றுப் பிழைகூட இல்லை. நான் போன பிறகு கார்த்திக்கு மனசு கேட்கவில்லை. சாவுக்கு வாசகர்கள் எங்கே வந்தார்கள் என்று யோசித்து, அதைத் 'தெருவாசிகள்' என்று மாற்றிவிட்டார். சுருட்டிக் கட்டிக் கொடுத்ததை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை வீடு பூட்டியிருந்தது. ஆன்ட்டி சர்ச்சில் இருப்பார் என்று தெரியும். முரளி வந்து ஒரு முனையைப் பிடித்தார். அவர் பார்த்தது சிலுவை இருந்த முனையை, நான் பார்த்தது முடிச்சை, வாசகத்தை இருவருமே படிக்கவில்லை. பெயர்ப்பலகைக்குச் சரியாகக் கீழே கட்டிவிட்டு, இருவரும் காபி குடிக்கப் போனோம். திரும்பி வந்து, ஆன்ட்டியின் முகத்தை ஒளிந்திருந்து பார்ப்பதாக ஏற்பாடு.

திரும்பியபோது கேட்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். எதிர்வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் கைபேசியில் ஷாமியானாவுக்கு விலை பேசினார். குழுவுக்கு இவ்வளவு ஆதரவா என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது ஒரு பெண் மூக்கைச் சிந்தியபடி சொன்னது காதில் விழுந்தது: "நேத்துகூட கிளாரன்ஸ் அங்கிள் என்கிட்ட கறிவேப்பிலை வாங்கிட்டுப் போனாரு."

'சி' எதன் சுருக்கம் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

அதே நேரம் தெருமுனையில் பாபு அங்கிள் கையில் மட்டன் பையோடு வந்தார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, முன்னால் இருந்தவரின் தோளைத் தொட்டார்.

"யாருப்பா போயிட்டது?"

"இந்த வீட்டு ஓனர்," என்றார் அவர், திரும்பாமலே.

"அப்படியா. எப்போ?"

"காலையிலயாம்."

அங்கிள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். பையைக் கீழே வைத்து, கண்ணாடியை மாட்டி, ஃபிளெக்ஸை முழுசாகப் படித்தார். பின்னால் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். நாற்காலி இறக்கியவர் நாற்காலியோடு நின்றார். அங்கிள் என்னைக் கண்டுபிடித்தார்.

"பேப்பர்ல இருந்துகிட்டு வயச தப்பா போட்டிருக்கியேம்மா. எனக்கு எழுபத்தொண்ணுதான்."

நான் கிளாரன்ஸ், நாவல், மாதப் பத்திரிகை என்று ஏதோ தொடங்கினேன். அதற்குள் சர்ச்சிலிருந்து நாலைந்து பேர் சூழ ஆன்ட்டி வந்துவிட்டார். யாரோ அங்கே ஃபோன் செய்துவிட்டார்கள். ஆன்ட்டி முதலில் அங்கிளைப் பார்த்தார், பிறகு ஃபிளெக்ஸை, பிறகு என்னை. அந்தக் கூட்டத்தில் விஷயம் உடனே புரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"நாவல் கிளாரன்ஸா?" என்றார்.

தலையாட்டினேன்.

"சர்ச்சுல இருந்து இங்க வர்ற வரைக்கும் நான் நம்பிட்டேதான் வந்தேன், சுதா," என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெரிய ரோஜா மாலையோடு ஒருவர் இறங்கினார். அங்கிளின் பெரியப்பா மகன் தாமஸ். காம்பவுண்டுச் சுவர் தகராறில் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அழுதுகொண்டே வந்தவர், கேட்டருகில் அங்கிளைப் பார்த்ததும் நின்றார்.

"உயிரோடயா இருக்க?"

"இருக்கேன். உள்ள வா."

"நீ செத்துட்டன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, மாலையையும் எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அங்கிள் ஆட்டோ திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தான் பாத்தியா," என்றார் ஆன்ட்டியிடம்.

அன்று நாவல் படிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டது நான். வீடு திரும்பியதும் கணவர் கேட்டார்: "என்ன சொன்னாங்க?" நான் வேறு ஏரியா பார்க்கலாம் என்றேன். அடுத்த ஞாயிறு குழுவுக்குப் போகவில்லை. டு-லெட் பலகைகளுக்கே திரும்பினோம், அவையும் குறைந்துகொண்டே வந்தன.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அங்கிள் ஃபோனில் கூப்பிட்டார்.

"சுதா, அந்த இன்னொரு பார்ட்டி அன்னைக்கு அட்வான்ஸோடயே வந்தாங்களாம். கேட்டுல உன் ஃபிளெக்ஸைப் பாத்துட்டு, சாவு வீடு வேணாம்னு அப்படியே போயிட்டாங்க. அப்புறம் புரோக்கரும் யாரையும் கூட்டிட்டு வரல. தெருவுல பேரு கெட்டுப்போச்சு. இப்ப நீதான் வந்தாகணும்."

"ஆன்ட்டி?"

"அவதான் நம்பர் போட்டுக் குடுத்தா."

இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறோம். ஃபிளெக்ஸை அங்கிள் தூக்கிப் போடவில்லை, நல்ல கனம் என்றார். மழைக்காலத்தில் அவருடைய ஸ்கூட்டர் மேல் அதுதான் கிடக்கும், எழுத்து வெளியே தெரியும்படி. புதிதாக வருகிற கூரியர்காரர்கள் கேட்டருகில் தயங்கி நிற்பதை நான் மாடியிலிருந்து பார்ப்பேன். போன மாதம் ஒருவர் பார்சலில் இருந்த பெயரையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்த அங்கிளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், கிளாரன்ஸ்னு ஒருத்தருக்கு வந்திருக்கு. வீட்ல வேற யாராவது வாங்கிப்பீங்களா?"

"நான்தான்பா அவரு," என்றார் அங்கிள். "எங்க கையெழுத்துப் போடணும்?"