பம்பாய் ஆலையின் மட்டக்களப்பு முதலாளி

மட்டக்களப்பில் இருந்துகொண்டே பம்பாயில் பஞ்சாலை நடத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆலைக்காரர். பம்பாயை அவர் கண்டதில்லை. கப்பல் ஏறியதுமில்லை. மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் சரக்குக் கொட்டகைக்குக் கிளார்க்காக இருந்தார். பம்பாயிலுள்ள ஒரு பஞ்சாலையில் கொஞ்சம் பங்கு வாங்கியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் பேச்சில் எப்போதும் "எங்கட ஆலை" என்றுதான் வரும். "எங்கட ஆலையில இந்த வருசம் புதுத் தறி போடுறம்" என்பார், இரவிரவாகத் தானே ஆணியடித்துவிட்டு வந்தவர்போல.

ரயில் எங்கள் ஊருக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. நான் அதே நிலையத்தில் டிக்கட் கொடுக்கும் வேலையில் இருந்தேன். இரண்டு பேரும் புளியந்தீவில் ஒரு விதவை அக்காவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, அவர் கையால் சாப்பிட்டு வந்தோம்.

பங்கு வாங்குவதில் ஆலைக்காரருக்குச் சில கொள்கைகள் இருந்தன. பங்குச் சந்தை விலைகள் மதராஸ் பத்திரிகையில் வரும். அது கடல் கடந்து, கொழும்பு வந்து, ரயிலேறி எங்களிடம் சேரும்போது விலைகளெல்லாம் ஊசிப்போயிருக்கும். "இத வச்சு என்ன செய்யிற அண்ணன்?" என்று கேட்டேன்.

"பழைய விலைதான் தம்பி நல்லது. காய்ச்சல் விட்டாப்போலதான் ஆளின்ட உண்மையான முகம் தெரியும்" என்றார்.

விலையைவிட அவர் நம்பியது கொட்டகையைத்தான். இந்தியத் துணி மூட்டைகள் அங்கேதான் வந்து இறங்கும். ரயில் நிற்க முதலே காத்தான்குடித் துணி வியாபாரி ஒருவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். "என்ட மூட்ட வந்திச்சா தம்பி? பெருநாளைக்கு முந்தி வேணும்!" என்று கத்துவார். ஆலைக்காரர் மூட்டையைக் கொடுக்காமல், அதில் குத்தியிருக்கும் ஆலை முத்திரையை முதலில் பார்ப்பார். பிறகு என்னிடம் திரும்பி, "வியாபாரி ஓடி வந்து எடுக்கிற சரக்கு ஆர்ர ஆலையெண்டு பார். அந்த ஆலையில பங்க வாங்கு. மூட்டையில சிலந்தி வல கட்டினா, அந்தப் பக்கம் தல வச்சும் படுக்காத" என்பார். வியாபாரி பொறுமையிழந்து, "பாடம் பிறகு நடத்தலாம், மூட்டயத் தாங்க!" என்று கெஞ்சுவார்.

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் அவரே ஒருமுறை அதை மீறினார். ஒரு மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வாவிக்கும் வீதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆலைக்காரர் யன்னலோரம் நின்று அந்த மழையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கல்கத்தாப் பக்கத்துக் குடைக் கம்பனி ஒன்றில் பங்கு வாங்கிவிட்டார். அடுத்த மழைக்கு முன்பே கம்பனி படுத்துவிட்டது. ஆறுதலுக்கென்று அவர்கள் ஒரு குடை அனுப்பிவைத்தார்கள். அது ஒழுகியது.

"மட்டக்களப்பில பெய்யிற மழ இந்தியா முழுக்கப் பெய்யுதெண்டு நினைச்சிற்றன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வருடத்தில் ஒருநாள் ஆலையின் பொதுக்கூட்டம் பம்பாயில் நடக்கும். அன்று அவர் லீவு. ஆனாலும் கோட்டும் தலைப்பாகையுமாகக் கொட்டகைக்கு வந்து, ஒரு சீனி மூட்டையில் கம்பீரமாக உட்காருவார். பம்பாயில் தீர்மானம் போடும் நேரத்தை உத்தேசித்து இங்கே கையைத் தூக்குவார். ஒரு வருடம் டைரக்டர்மாரின் சம்பளத்தைக் கூட்டப் பார்க்கிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்திருந்தார். திடீரென்று எழுந்து, "நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டன்!" என்று முழங்கினார். மூட்டை தூக்கிய ஆட்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, தூக்கியதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நாளிலேதான், தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட ஒரு கனவான் ரயிலில் வந்து இறங்கினார். இந்தியாவில் புதிதாகத் தொடங்கும் சுதேசிச் சவர்க்காரக் கம்பனிக்குப் பங்கு சேர்க்க வந்தவர். தேன் வழியும் பேச்சு. "வெள்ளைக்காரன் சவர்க்காரத்தில் குளித்தது போதும்" என்று அவர் சொன்னபோது, குளிக்காதவர்கள்கூடக் கை தட்டினார்கள். ஊரே பங்கு வாங்க நின்றது. தங்கச்சியின் கலியாணத்துக்கென்று சேமித்ததை நானும் தபால் கந்தோரிலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அக்காவிடமும் கொஞ்சம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேச வேண்டும். அக்கா சுவரை எழுப்பிவிட்டு, ஓடு போட வைத்திருந்த காசு அது. கனவானை மத்தியானச் சாப்பாட்டுக்கும் அழைத்துவிட்டார்.

சாப்பாடு முடிந்தது. கனவான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். ஆலைக்காரர் பின்னாலேயே போய், மரியாதையாகத் தண்ணீர் அள்ளி ஊற்றி, கம்பனி மாதிரிக்குக் கொடுத்த சவர்க்காரக் கட்டியை நீட்டினார். கனவான் அதை வாங்காமல், தன் சட்டைப் பையிலிருந்து வாசனைச் சீமைச் சவர்க்காரம் ஒன்றை எடுத்தார்.

"ஐயா, உங்கட சவர்க்காரம் இஞ்ச கிடக்கே?"

"எனக்குத் தோல் கொஞ்சம் மென்மை."

"அப்ப எங்கட தோல் என்ன, மாட்டுத்தோலா?" என்ற ஆலைக்காரர், எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, அந்தக் கட்டியைத் தன் கையில் தேய் தேய் என்று தேய்த்தார். கை சிவந்ததே தவிர ஒரு துளி நுரை வரவில்லை.

கனவான் அசையவில்லை. "வாவிக்கரைக் கிணறு. தண்ணீர் உப்பு" என்று புன்னகைத்தார். எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அக்காவுக்கு வந்தது கோபம். "வீட்டுக்கு வந்த மனிசன இப்பிடியா அவமானப்படுத்துற? நீங்க மட்டும் ஆலை வச்சிரிக்கலாம், நாங்க ஒரு சவுக்காரக் கட்டிகூட வச்சிரிக்கப்படாதா?" என்று கேட்டு, அவர் கண்முன்னாலேயே காசைக் கொண்டுவந்து கனவானின் கையில் வைத்தார்.

நான் பின்னேர ரயிலுக்கு முன் ஸ்டேஷனில் வைத்துக் காசு கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததும் ஆலைக்காரர் ஓடி வந்தார். "தம்பி, அவக்கெண்டு ஓடி வா, கொட்டகைக்குள்ள ஒரு மூட்ட வெடிச்சுப் போச்சு" என்றார். உள்ளே போனேன். வெளியே கதவைப் பூட்டிவிட்டார்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று கத்தினேன், கதவை உதைத்தேன், அவருடைய பரம்பரையையே இழுத்தேன். வெளியே பத்திரிகை புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரயில் போனாப் பிறகு துறக்கிறன். அதுவரைக்கும் ஏசு தம்பி, எனக்கு நேரம் கிடக்கு" என்றார்.

ரயில் ஊதிக்கொண்டு போனது. நான் கண்ணில் வெங்காய நீர் வழிய வெளியே வந்தேன். அதன்பிறகு பல கிழமை அவருடன் கதைக்கவில்லை.

கம்பனியும் எங்களுடன் கதைக்கவில்லை. கடைசியில் விலாசத்தைத் தேடிப் போன காத்தான்குடி வியாபாரி, "அங்க சவுக்காரமும் இல்ல, கம்பனியும் இல்ல. ஒரு மாட்டுக் கொட்டில்தான் இரிக்கி" என்ற செய்தியோடு திரும்பினார். என் மடியில் காசு இருந்தது, தங்கச்சியின் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. அக்கா மகளுக்குக் கட்டிய வீட்டுச் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் மழையில் நனைந்தன. அக்கா சமைப்பார், பரிமாறுவார், வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டார்.

ஒருநாள் ஆலைக்காரர் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "ஆலைய வித்திற்றன் தம்பி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் அண்ணன்? அவ்வளவு நல்ல ஆலை!"

"நல்லதத்தான் விக்க ஏலும். குடைய ஆர் வாங்குவான்?" என்று சொல்லி ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். "நான் குடுத்தா அக்கா வாங்கமாட்டா. நீ குடு. கம்பனி சரிவரயில்லயாம், சோறு போட்ட வீட்டுக் காசெண்டு அந்தப் பெரியவர் நேர்மையா அக்காட காச மட்டும் அனுப்பிற்றாராம், வெளிய சொல்ல வேணாமாம் எண்டு சொல்லு."

சொன்னேன். அக்கா பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அந்த வருடமே மகளின் வீட்டுக்கு ஓடு போட்டார், மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணமும் செய்தார். கூடவே, பழைய குரலும் அவருக்குத் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா அந்த மனிசன! கண்ணாடி போட்டாலும் கண்ணியமான ஆள். அவரையல்லவா கிணத்தடியில வச்சு வதச்சீங்க! எரிச்சல். வேற என்ன? தனக்கு மட்டும்தான் ஆலை இரிக்கோணும் எண்ட எரிச்சல்!" தினமும் சோறு போடும்போது இதைச் சொல்வார். சொல்லிவிட்டு, தண்டனையாக, மீனின் வால் துண்டை ஆலைக்காரருக்கு வைப்பார்.

எனக்கு வாயெல்லாம் உண்மை வந்து நிற்கும். ஆலைக்காரர் தலை நிமிராமல், "ஓம் அக்கா, நான் ஆளப் பிழையாக் கணிச்சிற்றன்" என்பார்.

அக்கா குசினிக்குள் போனதும் என் நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைப்பேன். அவர் கவனிக்காதவர்போல முள்ளெடுத்துச் சாப்பிடுவார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு உறைக்கிறது என்பேன்.