சுவிட்ச்சில் ஒரு பிழையும் இல்லை

பியர்பொன்ட்ஸ்,
மொன்றியல்.
25.05.1987

பேரன்புக்குரிய மைத்துனர் தியாகலிங்கம் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் பத்துப் பேரும் நலம். ரொறன்ரோவில் தாங்களும் பிள்ளைகளும் நலம் என்றே எண்ணுகிறேன். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதாகக் கேள்வி. வயதில் இளையவரைத் தாங்கள் என்று எழுதுவது வீட்டுக்காரர் என்ற முறையில். வித்தியாசமாக நினைக்க வேண்டாம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தண்ணீரைப் பற்றி இன்னுமொரு முறைப்பாடு வந்தால் ஜூலை முதலாம் திகதியோடு எங்களை வெளியே எழுப்பிவிட்டு வீட்டை விற்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது முறைப்பாடு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் பதின்மூன்றாம் திகதி குணேஸ்வரி வருகிறாள். நாலு வருடம் பிரிந்திருந்த என் மனைவி என்பதோடு, அவள் தங்கள் சொந்த அக்கா என்பதும் நினைவிருக்கும். அவளுடைய பத்திரங்களில் நான் கொடுத்த விலாசம் இந்த வீடுதான். இது போனால் நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாலு பேர் படுக்கும் அறைக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஐந்தாவது ஆளாக அவளைப் படுக்க வைக்க முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். "கிணத்தோட வீடு வாங்கிட்டன்" என்று தாங்கள் பாதி யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் அறிவித்த அந்தக் கிணறு, வளவு மூலையில் மூடி போட்ட ஓர் இரும்புக் குழாய். எட்டிப் பார்க்கவும் முடியாது, வாளி விடவும் முடியாது. பேஸ்மென்டில் உள்ள மோட்டார் அதிலிருந்து தண்ணீரை இழுத்துத் தாங்கிக்குள் ஏற்றுகிறது. தாங்கியில் அமுக்கம் குறைந்தால் மோட்டாரைப் போடுவதும், கூடினால் நிறுத்துவதும் பிரஷர் சுவிட்ச் என்ற சாம்பல் நிறப் பெட்டியின் உத்தியோகம். போடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வந்த முதல் கிழமையே அந்த 'டிக்'கைக் கேட்ட யாரோ "தண்ணி வந்திட்டுது" என்று சொல்ல, விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜுகளில் மாதக்கணக்காகக் கிடந்து, குழாய் சத்தம் போட்டால் வாளியோடு ஓடிப் பழகிய எங்கள் ஆட்கள் ஓடினார்கள். குசினியில் ஒருவர், குளியலறையில் ஒருவர், உடுப்புத் தோய்க்கும் இடத்தில் இருவர். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறக்க, ஐஸ்கிரீம் வாளி தொடக்கம் சோற்றுப்பானை வரை நிரம்ப, அமுக்கம் விழுந்து, தண்ணீர் நின்றது. "பாத்தீங்களே, நிக்குமெண்டு சொன்னனான்" என்று ஆளையாள் பாராட்டிக்கொண்டார்கள். அடுத்த நாள் இன்னும் வேகமாக ஓடினார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருபத்தேழு வருடம் கிளாக்கராக இருந்தவன் என்ற முறையில் நான் மட்டும் ஒரு பாத்திரமும் நிரப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பிரச்சினை வந்தால் முதலில் என்ன செய்வார்கள்? சங்கம் அமைப்பார்கள். ஊரில் தண்ணீர்ப் பம்பு ஓட்டிய கிருபானந்தன் தலைவர், ஆனந்தராசா செயலாளர். முதற் கூட்டத்தில் பெயர் பற்றி மூன்று மணி நேரம் விவாதித்துவிட்டு, சுவிட்ச்சைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே இரண்டு ஸ்பிரிங் இருந்ததால் இரண்டு கொள்கை வந்தது. கிருபானந்தன் பெரிய ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும் என்றார், இறுக்கினார், மோட்டார் நிற்காமல் ஓடி, குசினிக் குழாயின் பொருத்து கழன்று முகட்டை நனைத்தது. ஆனந்தராசா தளர்த்த வேண்டும் என்றார்; தளர்த்தினார்; மோட்டார் தொடங்கவேயில்லை. சங்கம் உடைந்தது. இப்போது பத்துப் பேருக்கு இரண்டு சங்கம், இரண்டு ஸ்குரூ டிரைவர். ஒரு கூட்டம் பகலில் இறுக்க, மற்றக் கூட்டம் வேலையால் வந்து தளர்த்தியது. நான் நடுநிலை, இரண்டு பக்கத்துக்கும் சோறு போடுபவன். இரு தரப்பும் என்னைத் துரோகி என்கின்றன.

இப்படி ஆறு நாள் குளிக்காமல் இருந்த பிறகுதான், சைவப்பழம் கிருபானந்தனே பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எழும்பிப் போனதாக ஒத்துக்கொண்டு, மோட்டார் திருத்தும் ஆளைக் கூப்பிடச் சம்மதித்தார். வந்தது செலீன் என்ற ஒரு பெண்பிள்ளை. வந்ததும் மின்சாரத்தை நிறுத்தினாள். இரண்டு சங்கத்துக்கும் இது தோன்றவில்லை. உயிரோடு இருப்பது முன்னோர் செய்த புண்ணியம். சுவிட்ச்சுக்குப் போகும் சின்னக் குழாயில் இருந்த துருவைச் சுரண்டினாள், ஸ்பிரிங்குகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள், மின்சாரத்தைப் போட்டுப் பக்கத்திலிருந்த சின்னப் பிடியைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தாள். அமுக்கம் காட்டும் முள் ஏறியது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் ஆனந்தராசா, தங்கள் வாடகைப் பத்திரத்தில் உள்ளபடி ஐந்து என்றார். பிறகு அவள் திரும்பி, சுவர் நீளத்துக்கு நிரம்பி நின்ற வாளிகளையும் பானைகளையும் பார்த்து, இது எதற்கு என்றாள். ஆனந்தராசா கிருபானந்தனோடு கலந்தாலோசித்து, மூன்று கிழமைக்குப் பின் இரு சங்கங்களும் முதன்முதலாக ஒற்றுமைப்பட்டு, "எங்கள் சமயம்" என்று பதில் சொன்னார். அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றாள்.

போகும்போது அவள் சொன்னதை ஆனந்தராசா மொழிபெயர்த்தார். "சுவிட்ச்சில ஒரு பிழையும் இல்லையாம் அண்ணை. தண்ணி ஒரேயடியா விழுந்தா மோட்டர் எரியாமல் அது தானா நிப்பாட்டுமாம். அந்தப் பிடியைத் தூக்கிப் பிடிச்சாத் திரும்பத் தொடங்குமாம். ஒவ்வொருத்தராத் திறக்கட்டாம்."

"உந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்," என்றார் கிருபானந்தன். "நான் ஒரு ஊருக்கே தண்ணி குடுத்தவன்."

"குடுத்தனீங்கள்தான். அந்த ஊர்ச் சனம் இப்ப எங்க? எல்லாம் வெளிநாட்டில," என்றார் ஆனந்தராசா.

ஆயினும் சம்மதித்தார்கள். இன்று காலை வாளிகள் எல்லாம் வளவுக்குள் ஊற்றப்பட்டன. இனி நிரப்புவதில்லை என்று நான் உட்படப் பத்துப் பேரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். ஆகவே வீட்டை விற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, தங்கள் அக்கா வந்து இறங்க ஒரு கூரையை விட்டுவைக்கும்படி வேண்டுகிறேன். தங்கள் குடும்பமும் கிணறும் ஊற்று வற்றாமல் இருக்க எல்லாம் வல்லவன் அருள்வானாக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
கணேசலிங்கம்

பி.கு.: இந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கீழே 'டிக்' என்றது. யார் முதலில் எழும்பியது என்பதில் இரு சங்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை: நான்தான். குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டேன். மற்றவர்களும் பின்னால் ஓடிவந்ததில் தண்ணீர் நின்றுவிட்டது, பிடியை யார் தூக்குவது என்று கூட்டம் நடக்கிறது. தொட்டித் தண்ணீர் குணேஸ்வரி வந்ததும் குளிப்பதற்கு. அதுவரை பத்தொன்பது நாளும் ஒருவரும் கை வைக்காதபடி குளியலறைக் கதவைப் பூட்டித் திறப்பை என் மடியில் வைத்திருக்கிறேன். தாங்கள் வீட்டை விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். தொட்டியில் உள்ளது எனக்குரியது என்று வீட்டு உறுதிப் பத்திரத்தில் ஒரு வரி எழுதவும்.